நடுவோர் பலர், காப்போர் எவர்?

தொண்டு என்னும் சொல்லை நம் காலத்தே மிக மலிவாக்கிவிட்டோம். ஒருநாட் காலையிற் படகேறித் தீவொன்றிற்குச் சென்று, நூறு கன்றுகளை நட்டு, பதாகையை விரித்து ஒளிப்படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாயுமுன் மீண்டு வருவதை 'இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு' என ஆண்டறிக்கையில் எழுதுகிறோம். எழுதியதை நாமே கைதட்டி ஏற்றும் கொள்கிறோம். யாழ்ப்பாணத் தீவகத்தின் வனங்களையும் கரைகளையும் பொறுத்தமட்டில் இத்தகைய தொண்டு பயனற்றது. சிலவிடங்களிற் கேடானதும் ஆகும். இயற்கைக் காப்பகம் ஒன்றிற்குத் தேவைப்படுவோர் வந்து செல்வோரல்லர், திரும்பத் திரும்ப வருவோரே. இதனை நிறுவுவதும், பல்கலைக்கழகத் தமிழ் மாணவரும் விரிவுரையாளருமாகிய நாம் இனிச் செய்யவேண்டியது யாதென்பதை வரையறுப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவகத்தின் வரலாறு வந்து சென்றோரின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. பெயரிட்டவர் சென்றனர், நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் தவிர ஏனையவை வழக்கொழிந்தன. ஐரோப்பியர் நெடுந்தீவிற் குதிரை வளர்த்தனர். ஆங்கிலேயர் காலத்திலும் சிறிது காலம் தொடர்ந்த அம்முயற்சி பின்னர் கைவிடப்பட்டது. லாயங்களின் முருகைக்கற் தூண்கள் சிதைந்து நிற்க, குதிரைகள் கேட்பாரற்றுக் காட்டுக்குதிரைகளாயின. குதிரையைக் கொணர்ந்து விட்டுச் சென்றவனுக்கும், கன்றை நட்டு விட்டுச் செல்பவனுக்கும் அடிப்படையில் வேறுபாடு யாது? இருவரும் தம் தேவை முடிந்ததும் படகேறினர். பின்விளைவைச் சுமந்தது தீவும் தீவாருமே.

இக்கேள்வி வெறும் சொல்லலங்காரமன்று. 2014ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் துணையுடன் வெளியான வடமாகாணத்துக்கான ஒருங்கிணைந்த மூலோபாயச் சுற்றாடல் மதிப்பீடு, நெடுந்தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக்குமாறு பரிந்துரைத்தது. அதன்படி 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர் நிலம் தேசியப் பூங்காவென வர்த்தமானியிற் பிரகடனப்படுத்தப்பட்டது. தீவின் மொத்தப் பரப்பில் இது மூன்றிலொரு பங்கிற்கும் மேற்பட்டதாகும். சில ஆயிரம் மக்கள் வாழும் ஒரு தீவிற்கு இது சிறிய செய்தியன்று. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றிப் புகுதலும் மரஞ்செடிகளை வெட்டுதலும் குற்றமாகும். ஒரு நாட்டின் சட்டம் ஒரு நிலத்துக்கு அளிக்கக்கூடிய காப்புகளுள் இது உயர்ந்த படிகளுள் ஒன்று.

ஆயினும் வர்த்தமானி கிணறு இறைப்பதில்லை. நெடுந்தீவு சுண்ணக்கல்லாலானது. அங்கே ஆறில்லை, மலையில்லை. மாரியிற் பெய்யும் மழை கல்லின் இடுக்குகள் வழியே கீழிறங்கி, உவர்நீரின் மேல் மெல்லியதொரு நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரினும் அடர்த்தி குறைந்ததாதலின் இவ்வாறு மிதத்தல் இயல்பு. அப்படையிலிருந்து அளவுக்கு மீறி நீரெடுப்பின் கீழேயுள்ள உவர்நீர் மேலேறிக் கிணறு உவராகும். ஒருமுறை உவரேறிய கிணறு நன்னீராக மீள்வதற்குப் பல மாரிகள் வேண்டும். கோடை நீளும் ஆண்டுகளிற் குளங்களும் கேணிகளும் வற்ற, மனிதரும் மாடும் குதிரையும் அதே நீருக்காகப் போட்டியிடுகின்றனர். இத்தகைய நிலத்தில் இயற்கைக் காப்பென்பது முதலில் நீர்க்காப்பே. நீரைக் காப்பதற்கோ விழா எடுக்க முடியாது. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் அளவுகோலுடன் கிணற்றடியில் நிற்கவேண்டும்.

இனி, நாம் செய்வதென்ன என்று நோக்குவோம். செப்டெம்பர் மாதத்தின் மூன்றாஞ் சனிக்கிழமை சர்வதேசக் கரையோரத் தூய்மிப்பு நாள். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்சாஸ் கரையிலே தொடங்கி இன்று உலகெங்கும் பரவியுள்ள நாள் அது. அன்று ஒரே நிறச் சட்டை அணிந்து கரையிற் குப்பை பொறுக்குகிறோம். பொறுக்குவது பிழையென்று எவருங் கூறார். ஆயின் இரு வினாக்களை எவருங் கேட்பதுமில்லை. திரட்டிய சாக்குகள் எங்கே போகும்? தீவொன்றிற் சேர்ந்த பிளாஸ்ரிக் தீவைவிட்டு நீங்கவேண்டுமாயிற் படகிலேயே நீங்கவேண்டும். சாக்குகளைக் கரையோரத்திற் குவித்துவிட்டு நாம் படகேறினால், அவை எரிக்கப்படும் அல்லது புதைக்கப்படும். சுண்ணக்கல் நிலத்திற் புதைப்பது, குடிக்கும் நீருக்கு மேலேயே புதைப்பதாகும். இரண்டாவது வினா: அடுத்த மாதம் யார் வருவர்? ஐப்பசியிலே தொடங்கும் வாடைக்காற்று புதிய குப்பையைக் கரையிற் சேர்க்கும்போது நாம் பரீட்சை மண்டபத்தில் இருப்போம். ஆண்டுக்கு ஒருநாட் பெருக்கப்படும் முற்றம் தூய முற்றமாகுமா?

மரநடுகையோ இதனினும் ஆழ்ந்த மயக்கம். மரம் நடுவது எங்கும் எப்போதும் நன்மையே என்பது நம் காலத்து மூடநம்பிக்கைகளுள் ஒன்றாகிவிட்டது. கண்டற்காடுகளின் கதையைப் பாருங்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின் இலங்கையின் கரைகளிற் கண்டற்கன்று நடுகை ஓர் இயக்கமாகவே நிகழ்ந்தது. உறுகுணைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுனந்த கொடிக்காரவும் அவர்தம் உடனாய்வாளரும் 23 நடுகைத் தலங்களை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நடப்பட்டது 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை. தப்பிப் பிழைத்தது 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே. ஒன்பது தலங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. கடலின் ஏற்றவற்றமும் நிலத்தின் உயரமும் நோக்காது நட்டமை, கன்றுகள் உலர்ந்தமை அல்லது மூழ்கியமை, கால்நடை மேய்ந்தமை, யாவற்றிற்கும் மேலாக நட்டபின் எவரும் பராமரியாமை என்பனவே காரணங்களாயின. ஐந்திலே நான்கு பங்கு உழைப்பு சேற்றிற் புதைந்தது. அந்நடுகைகளிற் கைகொடுத்த தொண்டர் பலரும் தாம் ஒரு காட்டையே உருவாக்கிவிட்டதாக எண்ணி வீடு திரும்பியிருப்பர் என்பதே இதிலுள்ள அவலம்.

வீண் உழைப்பு என்பதோடு இது நிற்பதில்லை. மண்டைதீவையும் வேலணையையும் சூழ்ந்த ஆழங்குறைந்த கடனீரேரிப் பரப்பு வெறுமையாகத் தோன்றலாம். பூநாரைகளும் வலசை வரும் கரைப்பறவைகளும் இரைதேடும் வயல் அதுவே. திறந்த சேற்றுப்பரப்பில் மரத்தை நட்டு மூடினால் அப்பறவைகளின் உணவுத்தட்டைப் பறித்தவராவோம். அவ்வாறே நெடுந்தீவின் புற்றரையும் வெற்றிடமன்று; குதிரைக்கும் மாட்டிற்கும் அதுவே உணவு. 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சறேப் பகுதியிலுள்ள பொக்ஸ் ஹில் என்னும் குன்றில், அந்நாட்டின் பாதுகாப்புத் தொண்டர் படையினர் 42 பேர் தம் முதற்பணியைத் தொடங்கினர். அவர்கள் ஆற்றிய பணி மரம் நடுதலன்று, புதர் வெட்டுதல். புல்வெளியை மூடிவந்த புதரை அகற்றினாலன்றி அங்குள்ள பூக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் நிலைக்கா என்று கண்டனர். நிலத்தை முதலிற் படித்தனர். பின்னரே கருவியை எடுத்தனர். நாமோ கன்றை முதலிற் கொணர்கிறோம்; குழிதோண்ட இடத்தைப் பின்னர் தேடுகிறோம்.

இவ்வாறு கூறுமிடத்து மூன்று மறுப்புகள் எழும். அவற்றை ஒதுக்கிவிடாது எதிர்கொள்ளுதல் முறை.

முதல் மறுப்பு: காப்பகங்களைக் காப்பது வனசீவராசிகள் திணைக்களத்தின் கடமை, அதற்கென ஊதியம் பெறுவோர் இருக்கின்றனர், மாணவர் ஏன் கூலியில்லாத காவலராகவேண்டும்? இம்மறுப்பில் உண்மையுண்டு. தொண்டர் கிடைப்பரென்ற துணிவில் அரசு தன் ஆளணியைக் குறைத்துக்கொள்வது ஏற்கத்தக்கதன்று. சட்டத்தை மீறுவோரைத் தடுப்பதும் வழக்குத் தொடுப்பதும் திணைக்களத்துக்கே உரியவை. பாக்குநீரிணையில் இழுவைமடிப் படகுகள் கடற்றரையை வாரிச்செல்வதை எத்தொண்டரும் தடுத்துவிட முடியாது. இழுவைமடித் தொழிலை 2017ஆம் ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் சட்டத்தால் தடைசெய்தது, அச்சட்டத்தை நடைமுறைப்படுத்துதல் அரசின் கடன். ஆயின் தொண்டரின் பணி அலுவலரின் பணிக்கு மாற்றாவதன்று. அலுவலர் செய்வதையும் செய்யாததையும் ஊரறியப் பதிவுசெய்வது. எத்தனை குதிரைகள், எத்தனை குட்டிகள், எக்குளம் எந்நாளில் வற்றிற்று என்ற ஏடு ஒருவரிடம் இருக்குமாயின், 'எல்லாம் நலமே' என்ற அறிக்கையை மேசையிலிருந்து எழுதுவது கடினமாகும். கணக்கு வைத்திருக்கும் தொண்டனைக் கண்டே அலுவலகம் அஞ்சும். கன்று நட்டுச் செல்லும் தொண்டனைக் கண்டு எவரும் அஞ்சார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. இயற்கைக் காப்பென்ற பெயரால் மக்களின் நிலம் பறிக்கப்படுகின்றது என்பது அது. 2009ஆம் ஆண்டின் பின் வடக்கிலும் கிழக்கிலும் வனத்துறையும் வனசீவராசிகள் துறையும் எல்லைக்கல் நாட்டிய இடங்களிற் பல தம் வயலும் மேய்ச்சல் நிலமுமே என மக்கள் முறையிட்டு வந்துள்ளனர். போரில் இடம்பெயர்ந்தவன் மீண்டு வந்து தன் வளவிலே காடு வளர்ந்திருப்பதைக் காண்கிறான். அரசோ அக்காட்டைக் கண்டு அது காடே என்கிறது. இவ்வச்சத்தைப் பிற்போக்கு என்று இகழ்வோர் தீவகத்தை அறியாதவர். நெடுந்தீவிலும் சட்டத்தின் சொற்படி பார்ப்பின், தலைமுறைகளாக மாடு மேய்த்தவனும் விறகு பொறுக்கியவளும் ஒரே நாளில் அத்துமீறுவோராகிவிட இடமுண்டு.

ஆனால் இவ்வச்சத்திற்குரிய விடை காப்பகத்தைக் கைவிடுதலா? அன்று. காப்பகத்தை யார் காக்கின்றனர் என்பதே அதன் தன்மையைத் தீர்மானிக்கும். தமிழ்நாட்டின் வேடந்தாங்கலை நோக்குக. அங்குள்ள ஏரியில் வந்து தங்கும் பறவைகளை வேட்டைக்காரரிடமிருந்து காக்குமாறு ஊரார் முறையிட, 1798ஆம் ஆண்டில் ஆங்கிலக் கலெக்டர் ஒருவர் அவ்வுரிமையை எழுத்தில் வழங்கினார். ஊரார் அவ்வாறு முறையிட்டமைக்குக் காரணமுண்டு. பறவையெச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. பறவைக்கும் உழவனுக்கும் இடையே நிலவிய அவ்வுறவினை அரசு அங்கீகரித்தது, புதிதாக உண்டாக்கவில்லை. ஊராரை வெளியேற்றி அமைக்கும் காப்பகம் வேலியிட்ட காணியாகும். ஊராரைக் காவலராகக் கொண்ட காப்பகமே ஊரின் சொத்தாகும். ஆதலின் தீவகத்துக்குச் செல்லும் தொண்டன் திணைக்களத்தின் கையாளாகவும் செல்லக்கூடாது, ஊருக்குப் பாடம் புகட்டும் ஆசானாகவும் செல்லக்கூடாது. எக்கேணி எம்மாதத்தில் வற்றும், குதிரைக்கூட்டம் எக்காற்றில் எப்பக்கம் ஒதுங்கும் என்பதை அறிந்தவர் அங்கேயே உள்ளனர். அவர் சொல்லை எழுதுபவனாக அவன் செல்லவேண்டும்.

இவ்விடத்தே மற்றொரு வினாவையும் தொடுதல் தகும். ஐரோப்பியர் கொணர்ந்த குதிரை நம் மண்ணின் உயிரன்றே, அதனைக் காப்பானேன் என்பர் சிலர். நெடுந்தீவின் பெருக்கமரமும் ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்டதே. அராபிய வணிகர் கொணர்ந்ததென்பர். பலநூறு ஆண்டுகள் ஒரு தீவின் வெயிலையும் வறட்சியையும் தாங்கித் தலைமுறை பெருக்கிய உயிரை வந்தேறி என்று தள்ளுவது எளிது. அதைவிடப் பயனுள்ள வினா, இத்தீவின் நீரும் புல்லும் எத்தனை குதிரைகளையும் எத்தனை மாடுகளையும் தாங்கும் என்பதே. அவ்வினாவுக்கு உணர்ச்சி விடைதராது. ஆண்டாண்டாக எடுக்கும் கணக்கே விடைதரும்.

மூன்றாவது மறுப்பு நம்மிடமிருந்தே எழுவது: மாணவருக்குப் பாடமுண்டு, பரீட்சையுண்டு, தீவோ தூரம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒருமணி நேரக் கடற்பயணம். சோளகக் காற்று வீசுங் காலத்திலே கடல் கொந்தளிக்கும். இவையெல்லாம் உண்மையே. ஆயின் சென்னையின் மாணவரைப் பாருங்கள். 1988ஆம் ஆண்டில் அங்கே மாணவர் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு, ஆண்டுதோறும் தை தொடங்கிப் பங்குனி கடந்தும் இரவிரவாகக் கடற்கரை வழியே நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடிக் காப்பிடத்திற் சேர்த்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றது. தொடங்கியவர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டனர், நடை நிற்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மாணவர் கூட்டம் அடுத்த கூட்டத்திடம் அந்நடையைக் கையளித்து வந்துள்ளது. அவர்களுக்கும் பரீட்சை உண்டு. நமக்கில்லாத ஏதோ ஓர் ஓய்வு அவர்களுக்கு இருந்ததன்று. நம்மிடமில்லாத ஒரு முறை அவர்களிடம் இருந்தது. கையளிக்கும் முறையே அது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் இல்லாமலில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1976ஆம் ஆண்டில் உருவான கள பறவையியற் குழு, ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தொண்டர்களை ஈடுபடுத்தி வந்துள்ளது. 1987ஆம் ஆண்டிலே தொடங்கிய அக்கணக்கெடுப்பின் வலிமை ஓராண்டின் எண்ணிலில்லை. அதே குளத்தை அதே மாதத்தில் மீண்டும் மீண்டும் எண்ணுவதிலுள்ளது. 'சிரமதானம்' என்று இன்று நாம் ஒரு காலைப்பொழுதிற்குச் சுருக்கிவிட்ட சொல்லும் அவ்வளவிற் பிறந்ததன்று. 1958ஆம் ஆண்டு ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரைக் கனத்தொலுவ என்னும் பின்தங்கிய கிராமத்துக்கு அழைத்துச் சென்றபோது, அவர்கள் அங்கே முகாமிட்டுத் தங்கி அவ்வூராருடன் உழைத்தனர். தங்குதல் போயிற்று, தானம் என்ற சொல் மட்டும் எஞ்சிற்று.

நம் மரபில் இதற்கு இன்னும் பழைய சான்றொன்று உண்டு. திருநாவுக்கரசரின் கையிலிருந்தது உழவாரப்படை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. இன்று செதுக்கிய புல் நாளை முளைக்கும். ஆதலினாலேயே அத்தொண்டு ஒரு திருநாளோடு முடியாது வாழ்நாள் முழுவதுக்கும் உரியதாயிற்று. நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திலே அடியார்க்கு அன்னமிடும் தொண்டும் அத்தன்மைத்தே. பசி நேற்றுத் தீர்ந்ததென்று இன்று அடுப்பை அணைப்பாரில்லை. அறிஞர் பலர் மணிமேகலை கூறும் மணிபல்லவத்தை இந்நயினாதீவென்றே கருதுவர். அமுதசுரபி கிடைத்த தலமென்று அதனைப் போற்றுகிறோம். தீவினுள் அன்னதானம் அறாது நிகழ, அத்தீவின் கரைக்கு மட்டும் ஆண்டுக்கொரு நாட்டொண்டு போதுமென நாம் எண்ணுவது எங்ஙனம்?

இவ்வலட்சியத்தின் விலை எவ்வளவென்பதை அண்மைக்கால நிகழ்வொன்று காட்டிற்று. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 1ஆம் நாள் மண்டைதீவிலே சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஈரநிலத்தையும் கண்டற்பரப்பையும் வலசைப் பறவைகளையும் சுட்டிச் சூழலியலாளர் எதிர்ப்புத் தெரிவித்தனர். வடபுலத்து இளைஞர்க்கு நல்ல மைதானம் வேண்டுமென்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடிருக்க முடியாது. அதனை எங்கே அமைப்பது என்பதே வினா. அவ்விவாதத்திற்குத் தமிழ் மாணவர் சங்கங்களாகிய நாம் கொணர்ந்தது யாது? ஆதரவுக்குரலும் எதிர்ப்புக்குரலும் எழுந்தன. ஆயின் மண்டைதீவின் சேற்றுப்பரப்பில் பத்தாண்டுகள் தொடர்ந்து எண்ணிய பறவைக் கணக்கேடொன்று நம் சங்கங்களின் அலுமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கப்பட்டதா? அவ்வேடு இருந்திருப்பின் மைதானத்தை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் ஊகத்தை விட்டு உண்மைமேல் நின்று வாதாடியிருப்பர். கன்று நட்ட ஒளிப்படங்கள் நம்மிடம் ஏராளமாக இருந்தன. அவை எவ்வினாவுக்கும் விடையாகவில்லை.

ஆகவே, செய்யவேண்டியவற்றை வெளிப்படையாகக் கூறுகிறேன்.

முதலாவது, தீவகத்தில் நிலத்தை அறிந்தோரின் ஆலோசனையும் உரிய அனுமதியுமின்றி ஒரு கன்றும் நடுவதில்லையென நம் சங்கங்கள் தீர்மானிக்க வேண்டும். ஐந்தாண்டு பராமரிப்பதற்கு ஆளில்லாத கன்றை நடாமலிருப்பதே மேல்.

இரண்டாவது, தீவகம் முழுவதையும் காக்கப் புறப்படாது, ஒரு தீவையும் ஒரு பணியையும் தெரிந்தெடுத்து ஐந்தாண்டுக்கு ஒப்புக்கொள்ளவேண்டும். நெடுந்தீவின் கிணறுகளுள் இருபதைத் தெரிந்து நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் மாதமிருமுறை அளப்பது ஒரு பணி. அதற்கு வேண்டியவை நாடாவும், மின்கடத்துதிறனை அளக்கும் சிறுகருவியும், ஒரு கொப்பியுமே. கோடைத் தொடக்கத்திலும் முடிவிலும் குதிரைகளை எண்ணுவது இன்னொரு பணி. ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவுக் கரைகளிலே தை மாதந்தோறும் பறவைகளை எண்ணுவது மற்றொன்று. ஊர்காவற்றுறை என்னும் பெயரிலேயே காவல் உண்டு. அங்கே அதைத் தொடங்குவது பொருத்தமே.

மூன்றாவது, பணியின் பொறுப்பு தீவாரிடமும் துணை நம்மிடமும் இருத்தல் வேண்டும். சனசமூக நிலையமும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும், தீவுப் பாடசாலையின் உயர்தர மாணவரும் இதன் உரிமையாளராக வேண்டும். கடல் கொந்தளிக்கும் வாரங்களில் நாம் செல்ல முடியாது, அளவீடு நிற்கக்கூடாது. யாழ்நகரிலிருந்து சோற்றுப் பொதிகளைச் சுமந்து செல்லும் பணத்தைத் தீவிலுள்ள ஒரு வீட்டிற் கொடுத்து அங்கே உண்போமாயின், பிளாஸ்ரிக்கும் குறையும், உறவும் கூடும். திரட்டும் குப்பையைப் படகிலேற்றி வெளியே கொணர்வதற்கான செலவைக் கணக்கிடாது எக்கரையையும் பெருக்கப் போவதில்லையென்பதும் விதியாக வேண்டும்.

நான்காவது, விரிவுரையாளர்க்கு ஒரு கூற்று. மாணவர் மூன்று நான்கு ஆண்டுகளில் நீங்குவர்; நீங்கள் இருப்பீர்கள். ஏட்டின் தொடர்ச்சி உங்கள் கையிலேயே உள்ளது. விலங்கியலும் புவியியலும் கற்பிக்கும் துறைகளுக்கு மட்டும் உரிய கடனன்று இது. தீவாரின் காற்றுப் பெயர்களையும் நீர்நிலைப் பெயர்களையும் புற்பெயர்களையும் திரட்டுவது தமிழ்த்துறைக்கு உரிய வேலை. அச்சொற்களை அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். சொல் மறைந்தபின் அது குறித்த பொருளைக் காப்பது இருமடங்கு கடினம்.

ஐந்தாவது, ஆண்டுதோறும் இம்மலரில் அவ்வாண்டின் கணக்கு தமிழில் வெளிவர வேண்டும். தவறிய அளவீடுகளும் வற்றிய கேணிகளும் இறந்த குட்டிகளும் அதில் மறையாது இடம்பெற வேண்டும். நெய்தல் திணையைப் பற்றி ஆண்டுக்கு இரு கட்டுரைகள் வெளியிடும் மலரொன்று, நெய்தல் நிலத்தைப் பற்றி ஒரு பக்கம் ஒதுக்கத் தயங்கக்கூடாது.

பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான் என மேடைதோறும் பேசுகிறோம். வள்ளலின் உள்ளம் பெரிதே. ஆயின் பற்றிப் படர்தற்கு முல்லைக்குத் தேவைப்பட்டது ஒரு கொழுகொம்பு. தேரைக் கொடுப்பது ஒருகணத்துக் கொடை; கொழுகொம்பை நட்டு, அது சாயுமிடத்து நிமிர்த்தி, உக்குமிடத்து மாற்றிவைப்பது ஆண்டாண்டுப் பணி. தேர் ஈயும் செல்வம் நமக்கில்லை. கொழுகொம்பு நடும் கைகளும், மறுமுறை வந்து அதனைப் பார்க்கும் கால்களும் உண்டு. அடுத்த ஆண்டு இச்சங்கத்தின் செயலாளர் தம் அறிக்கையிலே எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்று எழுதாதிருப்பாராக. எத்தனை முறை திரும்பிச் சென்றோம் என்று எழுதுவாராக. அவ்வெண்ணே நம் தொண்டின் அளவு.